அல்சூரில் மெதுவாகச் சுற்றிய இசைத்தட்டு

சென்ற மார்ச் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெங்களூர் அல்சூருக்குப் போய்வந்தேன். போனது என் கணவரின் கிளாரினெட்டைக் கேட்பதற்கு. திரும்பி வந்தது கோபத்தோடு. ஒரு மாதம் ஆறப்போட்டு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன். பழைய இசைத்தட்டு கேட்பதற்காகப் பெங்களூருக்குப் போக நினைப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய விவரம் எல்லாம் இதில் இருக்கிறது.

முதலில் காரணம். என் கணவர் தனராஜ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கம்பெனி பேண்டில் கிளாரினெட் வாசித்தார். அறுபதுகளில், எங்களுக்குத் திருமணமாகி மூன்றாம் வருடம், சென்னையில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் எல்.பி. ஒன்றைப் பதிவு செய்தது. வழக்கமாக அங்கே கிளாரினெட் வாசிப்பவருக்கு அம்மை கண்டதால் இவரைக் கூப்பிட்டார்கள். பத்து நாள் லீவு போட்டுப் போனார். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது உருப்படி முழுக்க அவர் வாசித்தது. நான்கு நிமிடம் பத்து விநாடி. அட்டையின் பின்புறம் இசையமைத்தவர் பெயரும், அதன் கீழே ‘மற்றும் குழுவினர்’ என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. என் கணவர் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறார். அதற்குப் பிறகு அவரை யாரும் பதிவு செய்யவில்லை. இருபது வருடத்தில் கல்தூசி அவர் நுரையீரலைத் தின்று தீர்த்தது.

எங்களிடம் இருந்த தட்டு, சுரங்கம் மூடிய பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, வெயிலில் நின்ற வண்டியில் அப்பளம் போல நெளிந்துவிட்டது. அதை டிரங்குப் பெட்டிக்கு மேலே வைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆறு வருடமாக அந்த இசையை நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் முனிரத்னம் போன் செய்தார். எங்கள் சுரங்கத்தின் சாம்பியன் ரீஃப் பகுதிக்காரர். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் வைண்டரில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், இப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஜீவனஹள்ளியில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மைக் செட் கட்டப் போவார். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பழைய இசைத்தட்டு கேட்கும் கூட்டம் நடக்கிறது, அங்கே எங்கள் தட்டின் அட்டையைப் பார்த்ததாகச் சொன்னார். “பச்சை அட்டைம்மா. உங்கூட்டு கண்ணாடி பீரோல இருந்ததே, அதேதான்.”

பயண விவரம் இது. எங்கள் ஊர் கோரமண்டல் நிலையத்தில் காலை 9.10க்குப் பாசஞ்சர் ரயில். கட்டணம் இருபது ரூபாய். பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறும், அதற்கு முன்பே சன்னல் ஓரம் பிடித்துவிடுங்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கன்டோன்மென்ட் நிலையத்தில் 11.40க்கு வந்து சேர வேண்டிய வண்டி 12.15க்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டேன். சொல்ல அங்கே யாரும் இல்லை.

நிலையத்திலிருந்து அல்சூர் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் பாதி கூடுதலாகக் கேட்டார். “சண்டே மேடம், ஒன் அண்ட் ஹாஃப் குடுங்க.” ஞாயிற்றுக்கிழமையில் தூரம் கூடிவிடுமா என்று கேட்டேன். “தூரம் கூடாது மேடம். வீட்ல பொண்டாட்டி கோவம் கூடுது” என்றார். மீட்டர் 22 ரூபாய் காட்டியது. அந்தப் பதிலுக்காக முப்பது கொடுத்தேன். அன்று பெங்களூரில் எனக்குக் கிடைத்த நேர்மையான விளக்கம் அது ஒன்றுதான்.

மார்க்கெட் சந்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 25 ரூபாய். சாம்பாரில் வெல்லம் போடுவதை இந்த ஊர்க்காரர்கள் எப்போது நிறுத்துவார்களோ தெரியவில்லை. ரசமும் மோரும் போதும் உங்களுக்கு.

கூட்டம் நான்கு மணிக்கு. நான் மூன்றே முக்காலுக்குப் போனேன். முப்பத்தொரு படி, பிடிக்கக் கம்பி இல்லை. மேலே ஐம்பது நாற்காலி, உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். நடத்துபவர் முரளி. திருச்சிக்காரர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அமெரிக்காவில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே யாரோ வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கிய பழைய ரெக்கார்டு ப்ளேயரைப் பெட்டி கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். தேக்கு நிறத்தில் அழகான கருவி, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கீழே நம் ஊர் மின்சாரத்தை அமெரிக்க அளவுக்குக் குறைக்கும் கனமான பெட்டி ஒன்று. தட்டுகளைத் துணியால் துடைத்து ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தார். பரவாயில்லை, முறை தெரிந்தவர் என்று நினைத்தேன்.

முதலில் இரண்டு வேறு தட்டுகள். ஏதோ கனமாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பது போலக் கேட்டது. பக்கத்திலிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எனக்குப் பழக்கமில்லாத இசை, அதனால் வாயைத் திறக்கவில்லை. பிறகு பச்சை அட்டை வந்தது. முரளி மைக்கைப் பிடித்து, அடுத்து வருவது ஓர் அபூர்வமான சாக்ஸபோன் என்றார்.

சாக்ஸபோனாம்.

முள் இறங்கியது. முதல் சுரத்திலேயே தப்பு தெரிந்தது. கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் எனக்கு ஒன்பது வருடம் பியானோ கற்றுக்கொடுத்தார்கள். தவறான கட்டையை அழுத்தினால் விரலில் அடி விழும். அந்த உருப்படி எஃப் சுருதி. சென்னைக்குப் போகுமுன் அவர் வாசிக்க, கோயில் ஹார்மோனியத்தில் நான் கூடப் பிடித்து இரண்டு வாரம் பழகியது. இங்கே அது டி-க்கும் சற்றுக் கீழே கிடந்தது. கிளாரினெட்டின் மெல்லிய கூர்மை போய், தொண்டை கட்டிய ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது அடிக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பது தட்டில் பதிவாகியிருக்கும். மைக்கை அவ்வளவு அருகே வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதைக் கேட்டால் சிரிப்போம். இருபத்தொன்பது வயது ஆளின் மூச்சு, சட்டென்று முடியும். அன்று அது நீண்டு, கரகரத்து, முடியாமல் இழுத்தது. அது எனக்குத் தெரிந்த மூச்சுதான். கடைசி இரண்டு வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்ட மூச்சு. அவர் நன்றாக இருந்தபோது வாசித்ததை எடுத்து அவரை நோயாளியாக்கியிருந்தார்கள். ஐம்பது பேர் அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உருப்படி முடிந்தபோது சரியாக ஐந்து நிமிடம். எழுந்து நின்று, இது மெதுவாக ஓடுகிறது, இது சாக்ஸபோன் இல்லை, கிளாரினெட், வாசித்தவர் என் கணவர் என்று சொன்னேன்.

முரளி மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல். “ஆன்ட்டி, நீங்க கேசட்ல கேட்டுப் பழகியிருப்பீங்க. கேசட் கம்பெனிக்காரன் நேரம் மிச்சம் பிடிக்க ஸ்பீடு ஏத்திடுவான். ஒரிஜினல் இதுதான். இந்த வெயிட்டு வேற எதுலயும் வராது.” நான் கேட்டது கேசட் இல்லை, இதே தட்டு, இருபது வருடத்துக்கு மேல் கேட்டேன் என்றேன். தட்டின் நடுவில் 4.10 என்று அச்சடித்திருக்கிறதே என்றேன். அந்தக் காலத்தில் அதையெல்லாம் தப்பாகத்தான் அச்சடிப்பார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வயசானா ஹை சவுண்டு காதுல விழாது ஆன்ட்டி. அதான் உங்களுக்கு டல்லா கேக்குது” என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு எழுபத்தொரு வயது. ஒருவேளை அவர் சொல்வது சரியோ என்று ஒரு நிமிடம் என் காதையே சந்தேகித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர்மேல் எனக்கு அதிகக் கோபம்.

அடுத்து அவர் சொன்னது என்னை மறுபடி எழுப்பியது. அந்த எல்.பி.யை இதே கருவியிலிருந்து சி.டி.யாகப் பதிவு செய்து நாற்பது பிரதி எடுத்திருக்கிறாராம். வாசலில் வைத்து விற்றாயிற்றாம். முன்பே வாங்கியிருந்த ஒருவரிடமிருந்து ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பின்புறம் அச்சடித்திருந்தது: ‘சாக்ஸபோன்: பெயர் தெரியவில்லை.’

முன்வரிசைக்குப் போனேன். கைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து ஒரு துண்டு கிழித்தேன். தட்டை மறுபடி சுற்றவிடுங்கள், முள்ளை வைக்க வேண்டாம் என்றேன். துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்து, அது என் முன்னால் வரும் ஒவ்வொரு முறையும் சத்தமாக எண்ணினேன். எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றும், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சுற்றும் சுற்ற வேண்டும், இதில் யாரும் மழுப்ப முடியாது. மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று. நான் எண்ணியது எண்பத்து மூன்று. என் காது கெட்டிருக்கலாம் தம்பி, உங்களுக்கு எண்ணத் தெரியுமல்லவா என்று கேட்டேன். முரளி தன் போனில் நேரம் வைத்து எண்ணினார். அவருக்கும் எண்பத்து மூன்று. வோல்டேஜ் சரியாகத்தானே இருக்கிறது என்று அந்தக் கனமான பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சுவரோரமாக மைக் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த முனிரத்னம் அப்போதுதான் வாயைத் திறந்தார். “வோல்டேஜ் இல்ல சார், சைக்கிள். அமெரிக்கால கரண்டு செகண்டுக்கு அறுபது சைக்கிள், இங்க அம்பது. இந்த மோட்டாரு சைக்கிளைப் பாத்துதான் சுத்தும். உங்க பெட்டி வோல்டேஜைத்தான் கொறைக்கும், சைக்கிளை ஒண்ணும் பண்ணாது. எங்கப்பா காலத்துல மைன்ஸ்ல இருபத்தஞ்சு சைக்கிள் கரண்டு. வெளியூரு மோட்டாரைக் கொண்ணாந்து மாட்டுனா பாதி ஸ்பீடுதான் ஓடும். எங்கூர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும் சார் இது.”

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று முரளி கேட்டார்.

“நான் மைக்குகாரன் சார். டேபிள் கிட்ட வராதேன்னு நீங்கதானே சொல்லிகிறீங்க.”

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

முனிரத்னம் மேல்தட்டைத் தூக்கினார். அடியில் மோட்டாரின் சிறிய உருளை, அதிலிருந்து ஒரு ரப்பர் பட்டை. உருளையின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். உருளை பருத்தால் தட்டு வேகமாகச் சுற்றும். நான்கு சுற்று டேப், மூன்று நிமிடத்தில் தொண்ணூற்றிரண்டு. ஏழு சுற்று, தொண்ணூற்றெட்டு. எட்டாவது சுற்றைப் பாதியில் வெட்டினார். நூறு. ஒவ்வொரு தடவையும் நான்தான் எண்ணினேன். முக்கால் மணி நேரமாயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை.

பிறகு முள்ளை வைத்தார்கள். எஃப். கிளாரினெட். மூன்றாவது அடிக்கு முன்னால் அந்த மூச்சு, குளத்தில் குதிக்கப் போகிறவனைப் போல ஒரே இழுப்பு. நான்கு நிமிடம் பத்து விநாடி. கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த மனிதர் இப்போது திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் சொல்லப் போவதில்லை. அது எனக்கும் என் கணவருக்கும் நடுவில்.

முரளி மன்னிப்புக் கேட்டார். சரியான வேகத்தில் புதிதாகப் பதிவு செய்து, ‘கிளாரினெட்: தனராஜ்’ என்று அச்சடித்துத் தருவதாகச் சொன்னார். செய்தும்விட்டார், அதை மறைக்கமாட்டேன். ஆனால் விற்றுப்போன நாற்பதை என்ன செய்வது என்றதும், “யாருக்கு ஆன்ட்டி தெரியப்போகுது?” என்றார். வாங்கியவர்கள் பெயர்கூட அவரிடம் இல்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தேன். வாங்கியவர்களில் பலர் அன்று அங்கேயே இருந்தார்கள். கையில் வைத்திருந்தவர்கள் அங்கேயே கொடுத்தார்கள். வீடு பக்கத்திலிருந்தவர்கள் போய் எடுத்துவந்தார்கள். பதினேழு சி.டி. ஒவ்வொன்றையும் என் கையாலேயே உடைத்தேன். அன்றைய மாலை ரயில் போய்விட்டது. ஜீவனஹள்ளியில் முனிரத்னம் வீட்டில் தங்கி மறுநாள் காலை திரும்பினேன். அவர் மனைவியின் சாம்பாரில் வெல்லம் இல்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: கூட்டம் எல்லா ஞாயிறும் நடக்கிறது, கட்டணம் இல்லை. தண்ணீர் எடுத்துப் போங்கள். படி ஏற முடியாதவர்கள் கீழிருந்து குரல் கொடுத்தால் ஆள் வரும். கருவி இப்போது சரியாக ஓடுகிறது, ஆனாலும் காகிதத் துண்டு வைத்து எண்ணிப் பாருங்கள். யார் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து ரெக்கார்டு ப்ளேயர் கொண்டுவந்தவர்கள் வீட்டிலேயே இதைச் செய்யலாம், மூன்று நிமிடம்தான். டேப் பழசானால் வழுக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அட்டையில் ‘குழுவினர்’ என்று மட்டும் போட்டிருந்தால், அந்தக் குழுவில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறோம். இன்னும் ரொம்ப காலத்துக்கு இருக்கமாட்டோம்.

மீதி இருபத்து மூன்று சி.டி. எங்கேயோ இருக்கிறது. பச்சை அட்டை, பின்புறம் சாக்ஸபோன் என்று இருக்கும். உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அதைப் போட்டுக் கேட்காதீர்கள். அல்சூரில் கொடுத்தால் புதியது தருவார்கள். கொடுத்துவிட்டால் இந்தப் பதிவின் கீழே ஒரு வரி எழுதுங்கள், நான் எண்ணிக்கொள்கிறேன். இதுவரை நான்கு வந்திருக்கிறது. பத்தொன்பது வீட்டில் என் கணவர் இன்னும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார்.