பொட்டு வைத்த நட்டு

சண்முகவடிவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். பதினொரு வருஷமாக அவளுடைய ஸ்கூல் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, வட்டவளையிலிருந்து ஹட்டனுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போகிறவள் நான். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் அப்படியில்லை, சட்டென்று கத்திவிடுவேன். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன். அவளிடம் விட்டால் நாலு வரியில் முடித்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கொழுந்து எடுக்கப் போய், கங்காணியோடு ஒத்துவராமல் இரண்டு வருஷத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனாள். வேலைக்கு நின்ற வீட்டின் எஜமானி ஒரு வயதான நோனா. கார் இருந்தது, ஓட்டக் கண் இல்லை. வந்த டிரைவர்கள் எவனும் மூன்று மாதம் தாங்கவில்லை. கடைசியில் நோனாவே இவளை ஓட்டப் பழகச் சொல்லி, லைசன்ஸும் எடுத்துக்கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் கொழும்பு ட்ராஃபிக்கில் ஓட்டிப் பழகிய கை அது.

ஊருக்குத் திரும்பி, பழைய வேன் ஒன்றை வாங்கி, பிள்ளைகளை ஏற்றப்போகிறேன் என்று அவள் சொன்னபோது தோட்டத்து லயத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. அவள் புருஷன் பழனியாண்டி தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறார், அவருக்குச் சைக்கிள்கூட வராது. "பொண்டாட்டி ஓட்ட, புருஷன் டிக்கட் குடுக்கவா?" என்று அவரைக் கேலி செய்தார்கள். முதல் மாதம் மூன்று பிள்ளைகள்தான் ஏறினார்கள். இப்போது பதினான்கு பேர். இடையில் ஒரு கீறல் இல்லை, ஒரு நாள் பிந்தியதில்லை. வடிவக்கா வேன் என்றால் தாய்மார் பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தோட்டத்துப் பெரட்டுக்கு வேலைக்குப் பேர் கொடுக்கப் போவார்கள். அந்தப் பெயர்தான் அவள் சம்பாத்தியம்.

அந்தப் பெயரைத்தான் ஆயுத பூஜையன்று ஒரு கராஜில் அரை நிமிஷச் சோம்பலில் தொலைக்கப் பார்த்தார்கள்.

வட்டவளை ரோட்டோரத்தில் மெக்கானிக் மதுரன் பாஸுடைய கராஜ் இருக்கிறது. வருஷம் முழுக்க எண்ணெய் மாற்றாதவனெல்லாம் ஆயுத பூஜைக்கு முந்தின மூன்று நாளில் அங்கே வரிசை கட்டிவிடுவான். சர்விஸ் முடிந்து, கழுவி, மாலை போட்டு, சக்கரத்தைத் தேசிக்காய் மேல் ஏற்றி நசுக்கித்தான் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், அதுதான் ராசி. வடிவு வழக்கமான சர்விஸுக்குத்தான் வேனை விட்டாள். கூடவே முன் பிரேக்கையும் கழுவச் சொன்னாள்.

வேலையைச் செய்தவன் சுமன். முப்பது வயது தாண்டியவன், நல்ல கைகாரன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முன் சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கைச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினான். நட்டுகளை முதலில் கையால் திருகிவிட்டு, ஜாக்கை இறக்கி, சக்கரம் நிலத்தில் ஊன்றிய பிறகுதான் ஸ்பேனரைப் போட்டு முழுதாக இறுக்க வேண்டும். இடது பக்கத்தை அப்படித்தான் முடித்தான். வலது பக்கத்தின் ஜாக்கை இறக்குகிற நேரத்தில் ஐயர் வந்துவிட்டார். அவருக்கு இன்னும் மூன்று கராஜ் பாக்கி. "சாமானெல்லாம் படத்துக்கு முன்னால வைங்கடா, சுருக்கா" என்று மதுரன் சத்தம் போட்டான். ஸ்பேனர், சுத்தியல், ஜாக் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போயின. வடிவுடைய வேனில் கிடந்த வீல் ஸ்பேனரையும் யாரோ எடுத்துக்கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், நானும் அன்றைக்குப் புத்தகத்தைத் தொடமாட்டேன். வழக்கத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுச் சாமி கும்பிட்டானே, அதன்மேல்தான் கோபம். சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் வைத்தார்கள், ஸ்டியரிங்கில் வைத்தார்கள், நான்கு சக்கரத்து நட்டுகளிலும் ஒன்றுவிடாமல் பொட்டு வைத்தார்கள். இறுக்காத நட்டுக்கும் பொட்டு. பிறகு மதுரன் சாவியை வடிவிடம் நீட்டி, "எடுத்துக்கிட்டுப் போங்கக்கா, அடுத்த வண்டிக்கு எடம் வேணும்" என்றான்.

மறுநாள் வியாழக்கிழமை. பாடசாலையில் வாணி விழா. பதினான்கு பிள்ளைகளும் வெள்ளை உடுத்து, பூ வைத்து, வாழைப்பழத் தட்டும் கையுமாக ஏறினார்கள். றொசல்லையைத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறுவதை நானே பார்த்தேன். வடிவு ரேடியோவை அணைத்தாள். "புள்ளைங்களா, ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றாள். வலது பக்கத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. முன்னால் வளைவு. வலது பக்கம் பள்ளம். பின்னால் கொழும்பு பஸ் ஒன்று ஹார்னை அமுக்கிக்கொண்டே வந்தது. அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. கியரைக் குறைத்து, மெல்ல மெல்ல இடது பக்கம் ஒதுக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இரண்டு சக்கரத்தை இறக்கி, மண் திட்டில் சாய்த்து நிறுத்தினாள். பிள்ளைகள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. நாலாம் ஆண்டு சுலக்ஷனாவுக்கு உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் இரத்தம்.

இறங்கிப் பார்த்தோம். முன் வலது சக்கரம் வெளியே சாய்ந்து நின்றது. ஐந்து நட்டில் இரண்டைக் காணவில்லை. மிச்சம் மூன்றையும் நான் இரண்டு விரலால் சுற்றினேன், சுற்றியது. அவற்றின் மேல் பொட்டு அழியாமல் இருந்தது.

"ஸ்பேனர் எங்கே?" என்று கேட்டேன்.

"மதுரன் கராஜ்ல, சாமி படத்துக்கு முன்னால" என்றாள். குரல் தரையில் கிடந்தது.

பஸ் டிரைவர் சிங்களவர், நல்ல மனுஷன். பிள்ளைகளையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். வடிவு அங்கேயே நின்று, கீழே போன ஒரு வேனை மறித்து ஸ்பேனரும் ஜாக்கும் வாங்கி, வேறு இரண்டு சக்கரங்களிலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதில் மாட்டி வண்டியைக் கானிலிருந்து எடுத்தாள். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறுவதற்குள்ளேயே அதில் இருந்த யாரோ புண்ணியவான் ஒரு படம் எடுத்துவிட்டான். கானுக்குள் சாய்ந்த வேனும், தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிற பிள்ளைகளும். இன்டர்வலுக்கு முன்னாலேயே அது எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. மேலே எழுதியிருந்தது: 'போன் பேசியபடி ஓட்டிய பெண் சாரதி. 14 மாணவர்கள் உயிர் தப்பினர்.'

போன் பேசினாளாம். அவளுடைய போன் என் கைப்பையில் கிடந்தது. வண்டி ஓட்டும்போது அதை என்னிடம்தான் கொடுத்து வைப்பாள். அதை எழுதினவன் என் முன்னால் வந்திருந்தால் வாய்ப்பாடு மறந்த பிள்ளை வாங்குகிற அடி வாங்கியிருப்பான். கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிற அப்பாமார் அங்கிருந்தே தீர்ப்பு எழுதினார்கள். 'பொம்பளைகிட்ட வண்டிய குடுத்தா இப்படித்தான்' என்று ஒருவர். பதினொரு வருஷம் இவள்தான் அவர் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தாள் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து பிள்ளைகள் ஏறவில்லை. முதலில் நின்றுகொண்டது யார் தெரியுமா? லோஜினி. மதுரன் பாஸுடைய மகள். அவளை விடிந்ததும் வேறொரு வேனில் ஏற்றிவிட்டான். மற்ற நான்கு பேரும் அதைப் பார்த்துத்தான் விலகினார்கள். "வேனைப் பத்தி பாஸுக்குத் தெரியாததா டீச்சர்? அவரே புள்ளய எடுத்துட்டாரு" என்று மீனம்மா என்னிடமே சொன்னாள். அவள் மகன் ஆறாம் ஆண்டு, முதல் நாளிலிருந்து இந்த வேனில் போகிறவன்.

சனிக்கிழமை வடிவு கராஜுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், கூப்பிடாமலே.

மதுரன் நாற்காலி போட்டான், தேத்தண்ணி வரவழைத்தான். "கண்ணூறுக்கா. நல்லா ஓடுற வண்டி மேல எவன் கண்ணு பட்டுச்சோ. பூஜை போட்டதாலதான் அம்பாள் காப்பாத்தினா" என்றான்.

"அம்பாளா வந்து நட்டை இறுக்கணும்?" என்று நான் கத்தினேன். வடிவு என் கையைப் பிடித்து அமர்த்தினாள். பிறகு சுமனைக் கூப்பிட்டாள்.

"இறுக்கினீங்களா தம்பி?"

சுமன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "இல்லக்கா. ஸ்பேனர்ல பூ வச்சிருந்தாங்க, எடுக்கல. விடிஞ்சதும் இறுக்கலாம்னு நெனச்சேன். வண்டி நிக்கும்னு நெனச்சேன்."

"போறத பாத்தீங்களா?"

"அவல் பங்கு வச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தேன். அந்நேரம் ஞாபகம் வரல."

அவனாவது ஒத்துக்கொண்டான். மதுரன் அதையும் மழுப்பப் பார்த்தான். கூட்டம், அவசரம், ஐயர், எல்லாவற்றையும் இழுத்தான். இனி வருஷம் பூராவும் சர்விஸ் சும்மா செய்து தருகிறேன் என்றான். வடிவு அவன் சொல்லி முடிக்கும்வரை இருந்தாள்.

"அதெல்லாம் வேணாம். லோஜினிய ஏன் எடுத்தீங்க?"

"வீட்ல பயப்படுறாங்கக்கா."

"என் ஓட்டத்துக்குப் பயமா, உங்க கை வேலைக்குப் பயமா?"

பக்கத்தில் நின்ற சுமன் வெளியே போய்விட்டான்.

"திங்கக்கெழம காலையில ஆறரைக்குச் சந்திக்கு வாங்க. எல்லா தாய் தகப்பனும் நிப்பாங்க. என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

"அப்படிச் சொன்னா கராஜ் பேரு கெட்டுடும்க்கா. நாலு குடும்பம் இதை நம்பி இருக்கு. நீங்க பொம்பள, உங்களுக்கு வீட்ல புருஷன் சம்பளம் இருக்கு, கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

இவன் பெயர் பெயர், அவள் பெயர் மண்ணா? தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து அடிக்கலாமா என்று நினைத்தேன், உண்மையைத்தான் சொல்கிறேன். வடிவு எழுந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "ஆறரைக்கு" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை சந்தியில் பனி. தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள், விலகினவர்களும் வந்திருந்தார்கள். நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். ஆறரை ஆனது. மதுரனைக் காணோம். வடிவு காத்திருக்கவில்லை, தானே பேசத் தொடங்கினாள்.

"தெனமும் காலையில நான் ஒவ்வொரு நட்டையும் அழுத்திப் பாப்பேன். அன்னைக்குப் பாக்கல. ஸ்பேனர் கராஜ்ல இருந்துச்சு, அது ஒரு சாக்கு. கையால தொட்டுப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். பொட்டு வச்சத அழிக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். அது என் குத்தம். போன் பேசினேன்னு சொல்றது பொய்."

யாரும் கேட்காமலே தன் பங்கை எடுத்து வைக்கிறாள், செய்தவன் வீட்டில் போர்த்திக்கொண்டு கிடக்கிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் அவன் வந்தான். லோஜினியைக் கையில் பிடித்திருந்தான். சுமன் பின்னால் நின்றான். அவனைக் கூட்டிவந்தது மதுரனா, மதுரனை இழுத்துவந்தது அவனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மதுரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எல்லாருக்கும் வணக்கம். அன்னைக்கு கராஜ்ல சின்ன தவறு ஒண்ணு நடந்துபோச்சு."

"சின்னங்கிறத எடுத்துட்டு இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி" என்றாள் வடிவு.

லோஜினி அண்ணாந்து அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"தவறு நடந்துபோச்சு."

"என்ன தவறு? யாரு செஞ்சது?"

"எங்க கராஜ்லதான். முன் சக்கரத்து நட்டை இறுக்காமலே வண்டிய குடுத்துட்டோம். வடிவக்கா மேல பிழை இல்ல. அவங்க ஓட்டினதாலதான்..." அவன் நிறுத்தி, மகளைப் பார்த்தான். "என் புள்ளயும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. அவங்க ஓட்டினதாலதான் வீட்டுக்கு வந்துச்சு."

லோஜினி அவன் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினாள். உதட்டில் ஆறாத காயத்தோடு சுலக்ஷனா அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். விலகினவர்களில் இன்னும் மூன்று பிள்ளைகள் ஏறினார்கள். மீனம்மா மட்டும் மகன் கையை விடவே இல்லை. "பாப்போம் டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் முன் சீட்டில் ஏறினேன். மதுரன் ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "இப்ப திருப்தியாக்கா?" என்றான்.

வடிவு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு இந்தப் புள்ளைங்க கத்தினது உங்க காதுல விழல தம்பி. விழுந்திருந்தா இப்படிக் கேக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, தன் போனை எடுத்து என் மடியில் வைத்தாள். வேன் ஹட்டன் பக்கம் திரும்பியது. றொசல்லை தாண்டும்வரை பிள்ளைகள் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.