விடச் சொன்ன மட்டை

எண்பதுகளின் நடுவில், சுவிஸில் அகதி மனுப் போட்டுவிட்டு, ஓல்டன் நகர உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் நகரத்து இளைஞர்கள் ஆற்றங்கரைத் திடலில் பேஸ்பால் ஆடுவார்கள். கடைவீதியே அங்கு திரண்டுவிடும். சுட்ட சொசேஜ் வாசம் பாலம் வரைக்கும் வரும்.

ஒருநாள் அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. என்னோடு வேலைசெய்த குணம் அண்ணை முதுகில் தட்டினார்.

"போடாப்பா, நீ பள்ளிக்கூடத்தில கிரிக்கெட் கப்டன் எல்லோ!"

வந்த முதல் பந்தையே விளாசிவிட்டு ஓடினேன். கூட்டம் எழும்பி நின்று, "லா லோஸ்! லா லோஸ்!" என்று கத்தியது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து மட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஓடிச் சேரவேண்டிய வெள்ளை மெத்தைக்கு இரண்டடி முன்னால் நின்று, கிரிக்கெட்டில் செய்வதுபோல் மட்டையை நீட்டித் தொட்டேன். அவுட்! காலால்தான் தொட வேண்டுமாம். திடலே சிரித்தது.

"அண்ணை, என்னெண்டு கத்தினவங்கள்?"

"மட்டையை விடு, விடு எண்டுதான்."

கூசிப்போய் வெளியேறியிருக்கலாம். நான் போகவில்லை. அடுத்த முறையும் மட்டையோடுதான் ஓடினேன். மெத்தையைக் காலால் மிதித்தேன். எவராலும் அவுட் சொல்ல முடியவில்லை.

பிறகு, பெயரைச் சுருக்கு, பிள்ளைகளோடு இந்த ஊர் டொச்சு மொழியில் கதை, தமிழை விடு என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். இந்த நாட்டின் விதிகளை நான் மீறுவதில்லை. காலை அவர்கள் சொன்ன இடத்தில்தான் வைக்கிறேன். கையில் இருப்பதை மட்டும் விடமாட்டேன்.