மூன்றாம் மணிப் படம்

அந்த ஸ்கேன் பிரிவில் அவளுக்கு 'மெதுவக்கா' என்று பெயர். யார் ரத்தம் பிடித்த சோதனைக் குழாயைக் கையில் எடுத்தாலும் பின்னால் வந்து நின்று, "மெதுவா, மெதுவா" என்பாள்.

"ஏன்க்கா, இது ரத்தமா, தூங்குற குழந்தையா?" என்று கேலி பேசுவார் கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர்.

பிறவிக் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது ஏழு வருஷத்துப் பழக்கம் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

வேலை இதுதான். தீராத வயிற்று வலியோடு வருகிறவரின் ரத்தத்தை எடுத்து, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, அவற்றில் கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஏற்றி, அதே உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். குடலில் எங்கே புண் வெந்துகொண்டிருக்கிறதோ, அங்கே அவை ரத்தக்குழாய்ச் சுவரைப் பிதுங்கிக் கடந்துபோய்க் கூடும். கேமராவில் அந்த இடம் ஒளிரும். காப்பாற்றப் போகிற கூட்டம்தான். இந்தக் குடல் நோயில் அதுவே கலையாமல் நின்று புண்ணைப் பெரிதாக்கும். ஒன்றே ஒன்று, வெளியே இருக்கும் நேரத்தில் அணுக்கள் அடிபடக் கூடாது. குலுக்கினாலும், மெல்லிய ஊசியில் அழுத்தித் தள்ளினாலும் நொந்துபோகும். நொந்த அணு குடல்வரை போகாது, நுரையீரலிலேயே முடங்கிவிடும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. வரிசை நிற்கும்போதே எழுந்து கழிப்பறைக்கு ஓடுகிறாள் என்று அங்கே புகார். வேலை என்றாலே வயிறு வலிக்கிறது என்று வீட்டில் பேச்சு. "நடிப்புக்கு ஒரு அளவு வேண்டாமாடி?" என்பாள் படுக்கையில் கிடந்த அம்மா. மெதுவக்காவும் மனசுக்குள் ஆமாம் போட்டவள்தான்.

அன்று காலையும் அம்மாவைத் தனியாளாகத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தாள். தங்கை வலி என்று சுருண்டு படுத்திருந்தாள். அந்த எரிச்சல் கைக்கு இறங்கியது. "உன் நாடகத்தை இன்னிக்குப் படம் பிடிச்சுடலாம், வா" என்று சொல்லிக்கொண்டே குழாயைக் குலுக்கினாள். கைக்குக் கிடைத்த மெல்லிய ஊசியிலேயே ஏற்றினாள்.

ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்து எடுக்கும் மூன்றாம் மணிப் படத்தில் குடல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நுரையீரல் மட்டும் இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிந்தது. நல்ல அணுக்களாக இருந்தால் அதற்குள் நுரையீரலைக் கடந்துபோய், அது மங்கியிருக்க வேண்டும். என்ன நடந்தது என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"குடல்ல ஒண்ணும் இல்லையே?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார் அவசரத்தில் இருந்த டாக்டர்.

"இல்ல சார்."

படம் சரியில்லை, மறுபடி எடுக்கணும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை அவள் விடவில்லை.

"பார்த்தியா, மிஷினே சொல்லிடுச்சு" என்றாள் வீட்டில் அம்மா. அதற்கப்புறம் தங்கை வலி என்று வாயே திறக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துக் கவுன்ட்டரிலேயே மயங்கி விழுந்தாள். குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். அதற்கு நான்கு மாதம் முன்பே அம்மா போய்விட்டாள்.

இப்போது நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, அதே நாற்காலியில் தங்கை.

"நீயே பண்ணுக்கா. உன் கை பஞ்சு மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்களே" என்று சட்டைக்கையைச் சுருட்டிவிட்டாள்.

அந்தச் சொல்தான் தாங்கவில்லை. மெதுவக்கா ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் குழாயைக் குலுக்கிட்டேன்டி. அந்தப் படம் தப்பு. எனக்கு அப்பவே தெரியும்."

தங்கை நீட்டிய கையை மடக்கவில்லை. சத்தம் போடுவாள், போட்டால் நன்றாயிருக்கும் என்று இவள் காத்திருந்தாள்.

"குடலை விடுக்கா. எப்படியும் வெட்டத்தான் வேண்டியிருந்திருக்குமோ என்னவோ" என்றாள் கடைசியில். "அம்மா போறதுக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, இனிமேயாவது நடிக்காம இருடின்னா. நானும் சரிம்மான்னேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை நடிக்கிறேனோன்னு."

பிறகு கண்ணாடிக்காரரைக் காட்டினாள். "அவர் பண்ணட்டும்."

மெதுவக்கா வெளியே, நோயாளிகளோடு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கதவுக் கண்ணாடி வழியே குழாய் மெள்ளச் சாய்வது தெரிந்தது. 'மெதுவா' என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாம் மணிப் படத்தில் நுரையீரல் மங்கிக் கிடந்தது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம்.

தங்கை எழுந்து வந்து திரையின் முன் நின்றாள். "இதுவா?"

"இதுதான்" என்றாள் மெதுவக்கா.

தங்கை அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நோய் திரும்பிவிட்டதைப் பார்க்கிறவள் முகமாக அது இல்லை.

"இதுல ஒரு பிரதி எனக்குப் போட்டுக் குடுங்க" என்றாள். கேட்டது கண்ணாடிக்காரரிடம்.