குணாளனின் கட்டை விரலும் குட்டி யானையும்

எங்க வீட்டுக்காரரு குணாளன் அழுது நான் பார்த்தது ரெண்டே தடவை. ஒண்ணு அவங்கம்மா போனப்ப. இன்னொண்ணு போன வருஷம், டிவியில ஒரு குட்டி யானை வெங்காயத்துல முட்டிச் செத்தப்ப. சிரிக்காதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நாங்க இருக்கிறது மலேசியாவுல கெமாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துல. அவரு கிராபர் ஓட்டுறவரு. வெட்டிப் போட்ட குலையை இரும்புக் கையால கவ்வித் தூக்கி லோரியில போடுற டிராக்டர் அது. எல்லாம் வலது கையில இருக்கிற லீவர்தான், இறுக்கிப் பிடிக்கணும். பதினெட்டு வருஷத்துல ஒரு குலை தவறினதில்ல. அந்தக் கையைத்தான் ஸ்ட்ரோக் அடிச்சுச்சு. நடை வந்துச்சு, பேச்சு வந்துச்சு, கட்டை விரல் மட்டும் வரவே இல்ல. மேனேஜர் ஆறு மாசம் பொறுத்தாரு. அப்புறம், "கை சரியாயிருந்தா ஓட்டிக் காட்டு. இல்லன்னா வேற ஆளு வருவான், வீட்டை அவனுக்குக் கொடுக்கணும்"னு சொல்லிட்டாரு. தோட்டத்து வீடு வேலையோட சேர்ந்ததுதானே.

எங்க மக ரோகினிக்கு சுங்கை காடுட்டுல ஃபேக்டரி வேலை. அப்பா விரலுக்குப் பயிற்சியா இருக்கட்டும்னு ஒரு கேம் வாங்கிட்டு வந்தா. அவரு வயசுப் பையனா ரயிலேறி சிரம்பான் டவுனுக்குப் போய் கேம் கடையில காசு போட்டு ஆடின அதே கேம். இப்ப வீட்டு டிவியில ஆடுற மாதிரி மறுபடியும் விட்டிருக்காங்களாம். ரோஸ் கலர் குட்டி யானை, முதுகுல ரெண்டு துண்டு றெக்கை, தும்பிக்கையால வேர்க்கடலை சுடும். எதிர்ல வெங்காயம், கத்தரிக்காயெல்லாம் சிரிச்சுக்கிட்டே வரும். பார்த்தா முத்தம் கொடுக்கலாம்போல இருக்கும், பட்டா யானை காலி.

"ரதி, இதுல நான் ராஜா லா"ன்னு உட்கார்ந்தாரு. இடது கை யானையை நல்லா நகர்த்துச்சு. ஆனா ஒவ்வொரு கடலைக்கும் வலது கட்டை விரலால பட்டனை அமுக்கணும். அது எங்க அமுங்குது? முதல் வெங்காயத்துலயே யானை போச்சு. பத்து தடவையும் அப்படித்தான். அப்பதான் அழுதாரு.

ரோகினிக்குப் போன் பண்ணேன். "இப்ப வர்றதுல ஒரு வசதி வச்சிருக்காங்கம்மா. அதைப் போட்டுட்டா பட்டன் மேல விரல் சும்மா பட்டுக்கிட்டிருந்தாலே போதும், தானா சுட்டுக்கிட்டே இருக்கும். ஆனா அப்பாக்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க"ன்னா. போட்டேன். சொல்லல. எந்த வாயால சொல்றது?

மறுநாள் கடலை மழையா கொட்டுச்சு. அடடா, அந்த முகத்தைப் பார்க்கணுமே! ஒரு மாசத்துல கடைசியா வர்ற பூசணிக்காய் ராட்சசனையும் அடிச்சுட்டாரு. "விரல் வந்துருச்சு ரதி!"ன்னு என் கையைப் புடிச்சு ஆட்டினாரு. அந்தப் பிடியில பலமே இல்ல. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், பாவி. அவரு நேரா ஆபீசுக்குப் போய், திங்கக்கிழமை ஓட்டிக் காட்டுறேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு.

ஞாயித்துக்கிழமை முழுக்க உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். திங்கக்கிழமை நானும் கூடப் போனேன். குலையைக் கவ்வினாரு, தூக்கினாரு, லோரி மேல கொண்டுபோறதுக்குள்ள விரல் நழுவிடுச்சு. இருபது கிலோ குலை எங்க மண்டோர், அதான் கங்காணி, முனியாண்டி அண்ணன் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. "டேய் குணா!"ன்னு கத்தின முனியாண்டி அண்ணன், அப்புறம் எங்களைப் பார்க்காம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

இவரு வெளிறிப்போய் இறங்கி வந்தாரு. "ரதி, ஆஸ்பத்திரிக்குப் போவோம். மறுபடியும் அடிச்சுருச்சு போல. நேத்துகூட நல்லா இருந்த விரலு"ன்னாரு.

அதுக்கு மேல என்னால முடியல. மேனேஜர் நிக்கிறாரு, முனியாண்டி அண்ணன் நிக்கிறாரு, யாரையும் பார்க்காம எல்லாத்தையும் கொட்டிட்டேன். கத்துவாருன்னு நினைச்சேன். கத்தல. வீட்டைப் பார்த்து நடந்தாரு, நான் பின்னாடியே போனேன்.

டிவியைப் போட்டு உட்கார்ந்தாரு. "அதை எடுத்துடு"ன்னாரு. எடுத்தேன். யானை பறந்துச்சு. ஒரு கடலை. கொஞ்சம் கழிச்சு இன்னொரு கடலை. வெங்காயம் சிரிச்சுக்கிட்டே வந்து முட்டுச்சு.

"இதுதான் என் கையா?"

"ஆமாங்க."

டிவியை அணைச்சாரு. "அப்ப ரோகினிக்குப் போன் பண்ணு. அவ இருக்கிற பக்கமே ஒரு வீடு பார்க்கச் சொல்லு"ன்னாரு.