பனிமனிதனுக்கு வெள்ளை உடை

நான் ஒரு மடையன். மகளின் தமிழ்ப்பள்ளி வாட்ஸ்அப் குழுவில் எந்த நினைவூட்டல் வந்தாலும் படிக்காமலே கட்டைவிரலை உயர்த்திவிடுவேன். ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சி அன்று காலை, சுள்ளென்ற வெயிலில், குளிர்கால நாடகத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடையில் வந்திருந்தார்கள். பனிமனிதனாக நடிக்க வேண்டிய என் மகள் மட்டும் நீலச் சீருடையில் நின்றாள்.

“மூனு தடவ ஞாபகப்படுத்தினேன்லா அண்ணே. மொத தம்ஸ் அப்பே நீங்கதான் போட்டீங்க,” என்றார் ஆசிரியை.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நான் போடும் வெள்ளை முழு அங்கி மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் கிடந்தது. அதை மகளுக்கு மாட்டி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்தேன். மேடையில் உருண்டு வந்த பனிமனிதனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

இறங்கி வந்தவளிடம், “அப்பா ஐடியா எப்படி?” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“மெசேஜ படிங்கப்பா.”