வெடி கேட்காத காலை

காலை ஏழு மணி பத்து நிமிஷம். கரி நெருப்பின் மேல் இருந்த துப்பாக்கிக் குழலின் நுனியில் முதலில் வைக்கோல் நிறம் தெரிந்தது. பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நான் காத்திருந்த கருநீலம்.

சத்தியவேடு ஆந்திராவோடு சேரும் என்று முடிவாகியிருந்த சமயம். ஊரைவிட்டுத் தள்ளி, வேர்க்கடலை நிலத்துக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அம்மா முன்பே இல்லை. நைனா மூன்று மாதத்துக்கு முன் தூக்கத்திலேயே போய்விட்டார். காட்டுப் பன்றி விரட்ட அவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க, மெட்ராஸில் பத்திரிகை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். மழையில் அது துருவேறிக் கிடந்தது. அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகச் சாம்பல் போட்டுக் கழுவி, மறுபடி துருவேறாதபடி நீலம் ஏற்ற நெருப்பில் வைத்தேன். வந்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை. பேச ஆளில்லை.

நுனி முடிந்தது. அடிப்பக்கத்தை நெருப்புக்கு நகர்த்த இடுக்கியால் பிடித்தேன்.

“எடுப்பா அதை! நெருப்புலருந்து எடு!”

வரப்பைத் தாண்டி ஓடிவந்தவர் பக்கத்து நிலத்துக்காரர், தெலுங்குக் குடும்பம். எங்கள் ஊர் எந்த மாநிலத்துக்குப் போகவேண்டும் என்ற கூட்டத்தில் அவருக்கும் நைனாவுக்கும் வாய்ச்சண்டை வந்து, பேச்சே நின்றுபோனது. சாவுக்கும் வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனவர்.

“குழல் வாயை அந்தப் பக்கம் திருப்பி வெய்யி. மருந்து உள்ளயே கீது.”

“இருக்காதுங்க. மருந்து கெட்டிச்ச துப்பாக்கிய நைனா வீட்டுக்குள்ள வெக்கவே மாட்டாரு.”

“பேப்பர்காரனுக்குத் தெரியாதது உண்டா! கம்பிய உட்டுப் பாரு.”

குழல் ஆறியதும் மருந்து இடிக்கும் கம்பியை உள்ளே விட்டேன். முழுதாக இறங்கவில்லை. வெளியே வைத்து அளந்தால் நாலு விரற்கடை குறைந்தது.

அவர் குழலுக்குள் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, முறுக்கிய கம்பியால் கிளறி எடுத்தார். தேங்காய் நார் வந்தது. கறுப்புச் சேறாக மருந்து வந்தது. பிறகு ரவைகள்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“உங்க நைனா பொழுது சாஞ்சா கெட்டிப்பாரு. பன்னி வந்தா சுடுவாரு. வரலன்னா விடியக்காலம் வானத்தைப் பாத்து ஒண்ணு. அதைக் கேட்டுக்கினுதான் நான் எழுந்துக்கிறது. அவரு போன அன்னிக்கு ராத்திரியும் கேக்கல, காலைலயும் கேக்கல.”

காபி போடட்டுமா என்றேன்.

“மெட்ராஸ் காபி எனக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.



மறுநாள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். நைனாவின் வெடிச் சத்தம் எட்டும் தூரத்தில் இருந்தது அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் வீடு ஒன்றுதான்.