நூலக்கா வெச்ச புள்ளி

நான் கிரைண்டர் ஓட்டுறவன். வெல்டிங் முடிஞ்ச ஒட்டைத் தேய்ச்சு, ஒட்டின தடமே தெரியாம ஆக்குறதுதான் என் பொழப்பு. அதனால எங்க பட்டறையில யார் கை எப்படின்னு முதலாளியைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். பெருமைக்குச் சொல்லல. அடுத்தவன் பண்ற கண்றாவியை எல்லாம் பதினோரு வருஷமா மூடி மறைச்சவன் நான்.

நூலக்கா வெல்டிங் பண்ண வந்தவங்களே இல்ல. பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தாங்க. வீட்டுக்காரர் தையல்காரர், ஒரு பொண்ணு, வாய் ஓயாத ஒரு மாமியார். மத்தியானம் நாங்க சாப்பிட்டுட்டுக் கால் நீட்டுற அரை மணி நேரத்துல, மிச்சம் கிடக்கிற துண்டு வெல்டிங் ராடை எடுத்து உதவாத தகட்டுல இழுத்துப் பார்ப்பாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல. "பெருக்குறவங்களுக்கு எதுக்கு இந்த ஆசை"ன்னு எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். ரெண்டு வருஷத்துல எங்க வாய் தானா மூடிக்கிச்சு. ஒட்டின இரும்புப் பட்டை மேல நூல் பிடிச்சுப் பார்ப்பாங்க. மயிரிழை விலகியிருந்தாலும் வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி ஆரம்பிப்பாங்க. அப்படி வந்த பேருதான் நூலக்கா.

மெல்லிசு இரும்பை ஒட்டுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. சூடு கொஞ்சம் கூடினா ஓட்டை விழும். இல்லன்னா பட்டை வாழைப்பழம் மாதிரி வளையும், நாள் பூரா சுத்தியலால தட்டி நிமிர்த்திக்கிட்டு உக்காந்திருக்கணும். அக்கா என்ன பண்ணாங்க, பழைய இரும்புக் கடையில ஒரு செம்புக் கட்டையைப் பார்த்துட்டு, வீட்டுல இருந்த பித்தளை அண்டாவைக் கொடுத்து மாத்திக்கிட்டு வந்துட்டாங்க. மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல. "அந்த ஒரு வாரம்தான் வீடு நிம்மதியா இருந்துச்சு"ன்னு அக்கா இன்னைக்கும் சொல்வாங்க.

செம்புல இரும்பு ஒட்டாது. ரெண்டு பட்டையையும் கட்டை மேல வெச்சு இறுக்கிட்டு நடுவுல வெல்டிங் இழுத்தா, கட்டை சூட்டை உறிஞ்சிக்கும், உருகினது கீழ ஒழுகாமத் தாங்கும், ஆறினதும் சட்டுன்னு விட்டுடும். ஒட்டு அப்படியே நேரா நிக்கும். ஆனா நெருப்பு செம்பு மேலயே நேராப் பட்டுச்சுன்னா செம்பு உருகி ஒட்டுக்குள்ள ஏறிடும், அந்த ஒட்டு ஒரு நாள் விரிசல் விடும். அதுக்குத்தான் அக்கா கட்டையோட ஒரு பக்கத்துல நீளமாப் பள்ளம் எடுத்து வெச்சிருந்தாங்க. பள்ளத்துக்கு நேர் மேலதான் ஒட்டு வரணும். முடிச்சதும் பட்டையோட ஓரத்துல கூர் ஆணியை வெச்சுச் சுத்தியலால தட்டி ஒரு புள்ளி அடிப்பாங்க, இது நான் செஞ்சதுன்னு. வேற எவனும் புள்ளி வைக்க மாட்டான். வெச்சா மாட்டிக்குவான்ல.

ஒரு ஆஸ்பத்திரிக்கு இருபது ஸ்ட்ரெச்சர் வண்டி செய்யற வேலை வந்துச்சு. வண்டிக்கு ரெண்டு நீளப் பட்டை, பட்டைக்கு ஒரு ஒட்டு, மொத்தம் நாப்பது. முப்பத்து நாலு முடிஞ்சப்ப, மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு அக்கா மூணு நாள் லீவு போட்டாங்க. எங்க சூப்பர்வைசர் முதலாளியோட மச்சினன். "இதென்ன பெரிய வித்தை"ன்னு கட்டையை எடுத்து, பள்ளம் கீழ போற மாதிரி திருப்பிப் போட்டு, வழவழன்னு இருந்த பக்கத்துலயே மீதி ஆறையும் அடிச்சுத் தள்ளினாரு. ஒட்டோட அடிப்பக்கம் லேசாச் செம்புச் சிவப்பு தெரிஞ்சுச்சு. நான் பார்த்தேன். மேலாகத் தேய்ச்சுப் பெயிண்டுக்கு அனுப்பிட்டேன். நமக்கெதுக்கு வம்பு, பிள்ளைகுட்டிக்காரன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஒரே மாசம். நோயாளியைத் தள்ளிக்கிட்டுப் போறப்பவே ஒரு வண்டி ஒட்டு விட்டுப்போச்சு. கூட இருந்தவங்க தாங்கிப் பிடிச்சதால அந்த மனுஷன் பிழைச்சாரு. இருபது வண்டியும் திரும்பி வந்துச்சு, கூடவே ஆஸ்பத்திரி இன்ஜினியரும். "எல்லாம் இவங்க செம்புக் கட்டையால வந்த வினை"ன்னு சூப்பர்வைசர் கூசாமச் சொன்னாரு. விட்டுப்போன ஒட்டுல புள்ளி இல்லையேன்னு அக்கா கேட்டா, "வைக்க மறந்திருப்பீங்க"ன்னாரு.

முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினாரு. "தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பும்மா. விஷயம் இதோட முடியட்டும்."

அக்கா காகிதத்தைத் தொடவே இல்ல. "எழுத மாட்டேன். நாப்பதையும் தேய்ச்சுப் பாருங்க. என் புள்ளி இருக்கிற ஒட்டுல ஒண்ணு கெட்டிருந்தாலும் நானே போயிடறேன்."

தேய்க்கிறது யாரு, நான்தான். எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. புள்ளி இல்லாத ஆறும் உள்ள சிவப்பு. சூப்பர்வைசர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "பாருங்க, அவங்க கட்டையோட லட்சணத்தை"ன்னாரு. புள்ளி வெச்சதுங்களை எடுத்தேன். பளபளன்னு வெள்ளி மாதிரி ஒவ்வொண்ணா வந்துச்சு. முப்பத்து மூணு முடிஞ்சாச்சு. கடைசி ஒண்ணுல, கடுகளவு சிவப்பு.

அதை என்னைத் தவிர யாரும் பார்க்கல. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாப் போயிடும். கையும் அதுக்குத் தயாராயிடுச்சு, பதினோரு வருஷப் பழக்கம்ல.

"நிறுத்து தம்பி." அக்கா பக்கத்துல வந்து குனிஞ்சு பார்த்தாங்க. நிமிர்ந்து இன்ஜினியரைக் கூப்பிட்டாங்க. "சார், இது கெட்டிருக்கு. புள்ளி என்னுது, கையும் என்னுது. என் பேரைப் போட்டு எழுதிக்கோங்க. சொன்னபடி நான் போறேன். ஆனா கெட்டிருக்கிற ஏழு ஒட்டையும் சரி பண்ணிட்டுத்தான் போவேன், இதுல படுக்கப் போறது உசுரு." அப்புறம் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாங்க. குரலை ஒசத்தவே இல்ல. "என்னுது எதுன்னு சொல்லிட்டேன். உங்களுது எதுன்னு இப்ப நீங்க சொல்லுங்க."

அந்த ஆளு செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சாரு.

எனக்கு வெக்கமாப் போச்சு. அவரை நினைச்சு இல்ல, என்னை நினைச்சு. கிரைண்டரை அணைச்சு வெச்சுட்டு, சாக்பீஸை எடுத்து அந்த ஆறு ஒட்டுலயும் வட்டம் போட்டேன். "இது ஆறும் இவரு அடிச்சது சார். அக்கா லீவுல இருந்தப்ப, கட்டையைத் திருப்பிப் போட்டு அடிச்சாரு. சிவப்பைப் பார்த்துட்டும் தேய்ச்சு விட்டவன் நான். என் பேரையும் எழுதிக்கோங்க."

இன்ஜினியர் எழுதி முடிச்சுட்டு முதலாளியைப் பார்த்தாரு. "முப்பத்து நாலுல ஒண்ணு தப்பின கையை அனுப்பிட்டு, ஆறுல ஆறும் தப்பின கையையா வெச்சுக்கப் போறீங்க? அப்படின்னா எங்க வேலையை வேற இடத்துல கொடுத்துக்கறோம்." முதலாளி, அக்காகிட்ட நீட்டின காகிதத்தை மடிச்சுத் தன் சட்டைப்பையிலயே வெச்சுக்கிட்டாரு. அக்கா ஏற்கெனவே கட்டையைத் துடைச்சு, பள்ளம் மேல வர்ற மாதிரி போட்டு, முதல் பட்டையை இறுக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

இன்ஜினியர் போனதும் முதலாளி என்னை ஓரமாக் கூப்பிட்டாரு. "என் மச்சினனைச் சபையில அசிங்கப்படுத்திட்டே. உனக்கு இங்க வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் முதலாளி"ன்னேன். "ஆனா இனிமே உங்க மச்சினனா இருந்தாலும் சரி, புள்ளி வைக்காத ஒட்டு மேல என் கிரைண்டர் படாது."